வார்டு போஸ்டிங் போறவங்களுக்கு: பேஷண்ட்ட எப்படி பாக்கறது, எப்படி பாத்துக்கறது

பிபி மெஷின மொதல்ல கீழ வைங்க. ஜிஎன்எம் (டிப்ளமோ நர்சிங்) ஆகட்டும் பிஎஸ்சி நர்சிங் ஆகட்டும், புதுசா வார்டுக்கு வர்ற பசங்க முக்காவாசி பேரு நேரா பெட்டுக்கிட்ட போயி கஃப் கட்டி, விரல்ல க்ளிப் மாட்டி, நம்பர எழுதிட்டு அடுத்த பெட்டுக்கு போயிடறாங்க, பேஷண்ட் முகத்த ஒருதடவகூட பாத்திருக்க மாட்டாங்க. நம்பர் வேணும்தான், நான் வேணாம்னு சொல்லல, ஆனா நம்பர் கெட்டுப் போறதுக்கு ரொம்ப நேரம் முன்னாடியே ஆளு கெட்டுப் போக ஆரம்பிச்சிருப்பாரு, அத கண்ணால பாத்து புடிக்கறதுதான் நம்ம வேலையில பாதி.

கால்மாட்டுல ஒரு அர நிமிஷம் நில்லுங்க. ஆளு எப்படி படுத்திருக்காரு? மல்லாக்க நிம்மதியா படுத்திருக்காரா, இல்ல எழுந்து உக்காந்து ரெண்டு கையையும் முட்டியில ஊனிக்கிட்டு மூச்சு வாங்குறாரா? நெத்தி வேர்த்திருக்கா, அதுவும் ஃபேன் ஓடறப்பவே ஜில்லுன்னு வேர்த்திருக்கா? ட்ரிப் இறங்குதா நின்னு போச்சா, யூரின் பேக்ல எவ்ளோ இருக்கு, என்ன கலர், ஆக்சிஜன் மாஸ்க் மூக்குல இருந்தாலும் ஃப்ளோ மீட்டர்ல உருண்டை மேல நிக்குதா (மாஸ்க் மாட்டியிருக்கும், ஆக்சிஜன் ஓடாது, இது நெறைய எடத்துல நடக்கறதுதான்). காலையில வச்ச இட்லி தொடாம அப்படியே இருக்கா. நம்ம ஊரு தோல் நெறத்துல வெளுத்துப் போனதோ நீலம் பூத்ததோ கன்னத்துல தெரியாது, அதனால கீழ் இமைய லேசா இறக்கிப் பாருங்க, நாக்க நீட்டச் சொல்லிப் பாருங்க, உள்ளங்கைய பாருங்க.

அப்புறம் கிட்ட போயி பேர கேளுங்க. "நீங்க லட்சுமி அம்மாதானே?"ன்னு கேக்காதீங்க, அரத் தூக்கத்துல இருக்கறவங்க எதுக்கும் தலையாட்டுவாங்க, ஒரு வார்டுல ரெண்டு லட்சுமி இல்லாத நாளே கெடையாது. "அம்மா உங்க பேரு சொல்லுங்க"ன்னு கேட்டு, கூடவே ஐபி நம்பரையும் (அட்மிஷன் நம்பர்) கையில கட்டியிருக்கற பேண்டோட ஒத்துப் பாருங்க. இந்த ஒரு கேள்வியிலயே மூச்சுக்குழாய் தெறந்திருக்கு, நெனவு இருக்கு, ஒரு வாக்கியத்த மூச்சு வாங்காம முடிக்க முடியுதுன்னு மூணு விஷயம் தெரிஞ்சிடும். பேரு சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவ மூச்சு இழுத்தாங்கன்னா அங்கயே உஷாராயிடணும்.

மூச்ச எண்ணுங்க, நெஜமா எண்ணுங்க

இத பத்தி நான் கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க. எந்த வார்டுக்கு வேணாலும் போயி பத்து கேஸ் ஷீட்ட தெறந்து பாருங்க, ரெஸ்பிரேஷன் கட்டத்துல 20, 20, 20, 18, 20ன்னு இருக்கும். ஊருல எல்லாரும் ஒரே மாதிரி மூச்சு விடறாங்களா என்ன? யாரும் எண்ணல, அவ்ளோதான். டெம்பரேச்சர், பல்ஸ், பிபி எல்லாத்துக்கும் மெஷின் வந்துடுச்சு, சாதாரண வார்டுல மூச்சுக்கு மட்டும் மெஷின் இல்ல, அதனால அத கண்டுக்காம விட்டுட்டோம். ஆனா ஆளு மோசமாகப் போறத மொதல்ல காட்டறது பெரும்பாலும் இந்த மூச்சுதான், பிபி விழறதெல்லாம் கடைசியில.

பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12லருந்து 20 வரைக்கும் நார்மல். லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012ல கொண்டு வந்து 2017ல திருத்தின நியூஸ் (NEWS) ஸ்கோர்ல, அதாவது மூச்சு, பல்ஸ், பிபி மாதிரி அளவுங்கள வச்சு ஆளு எவ்ளோ மோசமாகறாருன்னு பாயிண்ட் போடற சார்ட்ல பாத்தீங்கன்னா மூச்சு 25 தொட்டாலே தனியா 3 பாயிண்ட், 8 அல்லது அதுக்கு கீழ போனாலும் 3 பாயிண்ட். ஒரே விஷயத்துல 3 வந்தாலே அவசரமா ஒருத்தர் வந்து பாக்கணும், மொத்தம் 5 வந்தா சீக்கிரம் டாக்டர் வரணும், 7ம் அதுக்கு மேலயும் வந்தா எமர்ஜென்சி. உங்க ஹாஸ்பிட்டல்ல இந்த சார்ட் இருக்கோ இல்லயோ, இந்த 25ங்கற நம்பர மனசுல வச்சுக்கோங்க.

எண்றது எப்படின்னா, "உங்க மூச்ச எண்ணப் போறேன்"னு சொல்லக்கூடாது, சொன்னா அவங்க மூச்சு விடறதே மாறிடும். பல்ஸ் பாக்கற மாதிரி மணிக்கட்ட புடிச்சு அந்த கைய அவங்க நெஞ்சு மேலயே வச்சுக்கோங்க, பொடவையோ போர்வையோ மூடியிருந்தாலும் கை ஏறி எறங்கறது தெரியும், முழுசா 60 செகண்ட் வாட்ச பாத்து எண்ணுங்க. 15 செகண்ட் எண்ணி நாலால பெருக்கற வேலை வேணாம், ஒரு மூச்சு தப்பா எண்ணினா நாலு தப்பாயிடும். எண்றப்பவே கழுத்து சதை இழுக்குதா, மூக்கு விரியுதா, வெலா எலும்புக்கு நடுவுல குழி விழுதான்னும் பாருங்க.

கொழந்தைங்களுக்கு கணக்கு வேற. இருமல் சளியோட வர்ற பிள்ளைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு, ரெண்டு மாசத்துக்கு உள்ள இருந்தா 60ம் அதுக்கு மேலயும், ரெண்டுலருந்து பன்னெண்டு மாசம் வரைக்கும் 50ம் அதுக்கு மேலயும், ஒரு வயசுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் 40ம் அதுக்கு மேலயும் போனா வேகமான மூச்சு. பிள்ளை அழறப்போ எண்ணினா பிரயோஜனம் இல்ல, அம்மா மடியில அமைதியா இருக்கறப்போ எண்ணுங்க.

ரெண்டு எடத்துல ஏமாந்துடாதீங்க. ஒண்ணு, ஆப்ரேஷன் முடிஞ்சு மார்ஃபின் மாதிரி ஊசி போட்ட பேஷண்ட், "நல்லா தூங்கறாரு சிஸ்டர், எழுப்பாதீங்க"ன்னு அட்டெண்டர் (கூட இருக்கற வீட்டு ஆளு) சொல்லுவாங்க, எழுப்புங்க, கூப்பிட்டா கண்ண முழிச்சு பதில் சொல்றாரான்னு பாருங்க, மூச்சு 8க்கு வந்து கூப்பிட்டாலும் முழிக்கலன்னா அது தூக்கம் இல்ல. இன்னொன்னு, சுகர் பேஷண்ட் வேகமா ஆழமா மூச்சு வாங்குவாரு, சாச்சுரேஷன் (ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் சதவீதம்) பாத்தா 99 இருக்கும், நுரையீரல் நல்லா கேக்குது, அப்பறம் எதுக்கு இப்படி வாங்குதுன்னு நெனைக்காதீங்க, ரத்தத்துல ஆசிட் ஏறினாலும் ஒடம்பு இப்படித்தான் மூச்சால வெளிய தள்ளப் பாக்கும், உடனே சுகர் பாத்து கீட்டோனும் (சுகர் கட்டுப்படாதப்போ ரத்தத்துல சேர்ற ஆசிட்) பாக்கணும்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க.

மத்த வைட்டல்ஸ்

பல்ஸ் ஆக்சிமீட்டர்லயே வருதேன்னு கை புடிக்கறதையே நெறைய பேரு விட்டுட்டாங்க. அந்த மெஷின் எத்தனன்னு சொல்லும், துடிப்பு ஒழுங்கா இருக்கா, பலமா இருக்கா, கை ஜில்லுன்னு இருக்கான்னு நாம தொட்டுத்தான் பாக்கணும். நடு மூணு விரலால புடிங்க, கட்ட விரல்ல உங்க சொந்த துடிப்பே தெரியும். ஒழுங்கா இருந்தா 30 செகண்ட், தாறுமாறா இருந்தா முழு நிமிஷம், முடிஞ்சா ஸ்டெத் வச்சு நெஞ்சுலயும் எண்ணுங்க. டிகாக்சின் (இதயத்துக்கான மாத்திரை) குடுக்கறதுக்கு முன்னாடி நெஞ்சுல ஒரு நிமிஷம் எண்ணியே ஆகணும், 60க்கு கீழன்னா மாத்திரைய நிறுத்தி வச்சுட்டு டாக்டர கேளுங்க.

பிபில தப்பு வர்றது முக்காவாசி நாம எடுக்கற விதத்துலதான். கஃப் உள்ள இருக்கற பை கையோட சுத்தளவுல 80 சதவீதம் சுத்தி வரணும், குண்டான கைக்கு சின்ன கஃப் கட்டினா பிபி இல்லாதவருக்கும் பிபி ஏறும், அவரு மாத்திர வாங்கிட்டு வீட்டுக்கு போவாரு. ஓபில வரிசையில நின்னு மாடி ஏறி வந்தவர அஞ்சு நிமிஷம் உக்கார வைங்க, முதுகு சாஞ்சிருக்கணும், கால் மேல கால் போடக்கூடாது, கை நெஞ்சு மட்டத்துல தாங்கி இருக்கணும், யூரின் முட்டிக்கிட்டு இருக்கக்கூடாது, எடுக்கறப்போ நீங்களும் பேசக்கூடாது அவரும் பேசக்கூடாது. இறுக்கமான ப்ளவுஸ் கைய சுருட்டி மேல ஏத்தினா அதுவே கைய இறுக்கிப் புடிக்கும், கழட்டறதோ மெல்லிசு துணி மேல கட்டறதோ பரவால்ல. டயாலிசிஸ்க்கு ஃபிஸ்டுலா (ரெண்டு ரத்தக்குழாய இணைச்சு தைக்கறது) போட்ட கையில எப்பவும் எடுக்காதீங்க, மார்பக ஆப்ரேஷன்ல நெறிக்கட்டி எடுத்த பக்கத்து கையயும் விட்டுடுங்க. எழுந்தா கிறுகிறுன்னு வருதுன்னு சொல்றவங்களுக்கு படுக்க வச்சு ஒண்ணு, நிக்க வச்சு ஒரு நிமிஷத்துலயும் மூணு நிமிஷத்துலயும் எடுங்க, மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 எறங்கினா எழுதி சொல்லுங்க, அவங்கள தனியா பாத்ரூம் அனுப்பாதீங்க.

இன்னொன்னும் சொல்லிடறேன், பிபி 110 இருக்கேன்னு நிம்மதியா போயிடாதீங்க. நேத்து வரைக்கும் 160 இருந்தவருக்கு இன்னிக்கு 110ன்னா, கூடவே பல்ஸ் 120, கை ஜில்லுன்னு, யூரின் கொறஞ்சிருக்குன்னா அது நார்மல் இல்ல. எந்த நம்பரையும் அவரோட நேத்திய நம்பரோட வச்சுப் பாக்கணும். நகத்த அஞ்சு செகண்ட் அமுக்கி விட்டு ரத்தம் ரெண்டு செகண்டுல திரும்புதான்னு பாக்கறதுக்கு காசும் ஆகாது மெஷினும் வேணாம்.

சாச்சுரேஷன் பாக்கறப்போ நெயில் பாலிஷ், கருப்பா பிடிச்ச மருதாணி, ஜில்லுனு இருக்கற விரல் எல்லாம் நம்பர கெடுக்கும், வேற விரல்லயோ காது மடல்லயோ மாட்டிப் பாருங்க. மெஷின்ல அலை ஒழுங்கா வரலன்னா அந்த நம்பர எழுதாதீங்க. அடுப்புப் புகை, ஜெனரேட்டர் புகைல மாட்டினவங்களுக்கு 99 காட்டினாலும் நம்பாதீங்க, கார்பன் மோனாக்சைட மெஷினால பிரிச்சுப் பாக்க முடியாது. ரொம்ப நாள் சிஓபிடி (மூச்சுக்குழாய் சுருங்கிப் போற நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்கறவங்களுக்கு பொதுவா 88லருந்து 92 தான் குறி, 90 இருக்கேன்னு பதறி நீங்களா ஆக்சிஜன ஏத்தி விடாதீங்க, டாக்டர் எழுதின அளவ பாருங்க.

டெம்பரேச்சர் சுருக்கமா: 100.4 ஃபாரன்ஹீட் தொட்டா காய்ச்சல், அக்குள்ல வச்சா ஒரு டிகிரி கிட்ட கம்மியா காட்டும், வேர்வைய ஒத்தி எடுத்துட்டு வைங்க. வயசானவங்களுக்கு பெரிய இன்ஃபெக்‌ஷன் இருந்தும் காய்ச்சலே வராம போகலாம். கீமோ ஓடற பேஷண்ட்டுக்கு 100.4 வந்தா பாராசிட்டமால் குடுத்துட்டு காலைல சொல்லிக்கலாம்னு விடாதீங்க, அந்த நிமிஷமே போன் பண்ணுங்க.

"அவரு நேத்து மாதிரி இல்ல சிஸ்டர்"

அட்டெண்டர் இப்படி சொன்னா எரிச்சல் படாம போயி பாருங்க. நாம எட்டு மணி நேரம் பாக்கற ஆள அவங்க முப்பது வருஷமா பாத்துட்டு இருக்காங்க. கூப்பிடாமயே முழிச்சிருக்காரா, கூப்பிட்டா முழிக்கறாரா, வலிக்கிற மாதிரி அழுத்தினாதான் அசையறாரா, எதுக்குமே அசையலயான்னு நாலு படியா பாருங்க, அதுவே ஆரம்பத்துக்கு போதும். தலையில அடிபட்டவங்களுக்கு க்ளாஸ்கோ ஸ்கேல் (நெனவ அளக்கற ஸ்கோர்) போடணும், கண்ணு 4, பேச்சு 5, அசைவு 6, மொத்தம் 15, எதுவுமே இல்லன்னாலும் 3. மொத்தமா 9ன்னு மட்டும் எழுதாம மூணையும் பிரிச்சு எழுதுங்க. 8க்கு வந்துட்டா மூச்சுக்குழாய அவரால காப்பாத்திக்க முடியாம போகலாம்னு அர்த்தம்.

திடீர்னு ஒளறுறாரு, கோவப்படறாரு, வேர்க்குது, நடுங்குது, என்னவா இருந்தாலும் மொதல்ல சுகர் குத்திப் பாருங்க. நம்ம வார்டுல இது எப்படி நடக்குதுன்னா ஏழு மணிக்கு இன்சுலின் போட்டுடுவோம், அட்டெண்டர் கேன்டீன் வரிசையில நின்னு இட்லி வாங்கிட்டு வர எட்டரை ஆயிடும். சாப்பாடு கையில வந்தப்பறம் ஊசி போடுங்க, இது ஒண்ணுக்கே பாதி லோ சுகர் கொறையும். 70க்கு கீழ போயி நெனவு இருந்து முழுங்க முடிஞ்சா 15 கிராம் சர்க்கரை, அதாவது மூணு டீஸ்பூன் தாராளமா தண்ணியில கரைச்சு குடுத்துட்டு 15 நிமிஷம் கழிச்சு திரும்ப பாருங்க. நெனவு இல்லாதவர் வாயில எதையும் ஊத்தாதீங்க, ஊத்தவும் விடாதீங்க, வெயின்ல டெக்ஸ்ட்ரோஸ் போட டாக்டர கூப்பிடுங்க.

வாய் கோணுது, ஒரு கை தூக்க முடியல, பேச்சு குழறுதுன்னா பக்கவாதமா இருக்கலாம், "கடைசியா எப்போ நல்லா இருந்தாரு"ங்கற நேரத்த கேட்டு எழுதுங்க. ரத்தக் கட்டிய கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான், அந்தக் கணக்கு நாம பாத்த நேரத்துலருந்து இல்ல, அவரு நல்லா இருந்த கடைசி நேரத்துலருந்து. ராத்திரி பத்து மணிக்கு நல்லா படுத்து காலைல அஞ்சுக்கு எழுந்தப்போ இப்படின்னா பத்து மணின்னுதான் எழுதணும்.

வலிய 0லருந்து 10க்குள்ள சொல்லுங்கன்னா நம்ம பாட்டிங்க "ரொம்ப வலிக்குது சாமி"ன்னுதான் சொல்லுவாங்க. சரி, அப்போ எங்க, எப்போலருந்து, விண்ணு விண்ணுன்னு தெறிக்குதா, சுருக்குன்னு குத்துதா, எரியுதா, அழுத்துதா, வேற எங்கயாச்சும் பரவுதா, என்ன பண்ணினா கொறையுதுன்னு கேளுங்க. அவங்க சொன்ன வார்த்தையவே எழுதுங்க. ரொம்ப கவனமா இருக்க வேண்டியது "வாயு புடிச்சிருக்கு", "நெஞ்ச கரிக்குது", "தோள்பட்டை உளையுது"ன்னு சொல்ற வயசானவங்க, சுகர் இருக்கறவங்க, முக்கியமா பொம்பளைங்க. அவங்களுக்கு ஹார்ட் அட்டாக் வலியே இல்லாம வெறும் வேர்வை, வாந்தி, மூச்சு வாங்கறதுன்னு வரலாம். ஜெலுசில் குடுக்கறதுக்கு முன்னாடி ஈசிஜி, வந்து 10 நிமிஷத்துக்குள்ள எடுத்து டாக்டர் கண்ணுல காட்டிடணும்.

பாத்துக்கற வேலை

படுக்கைப் புண்ணுக்கு வர்றேன். ஸ்பிரிட் தடவி முதுகு தேய்ச்சு பவுடர் போடறது நம்ம ஊரு வார்டுல ரொம்ப காலமா ஓடற பழக்கம். ஸ்பிரிட் தோல காய வைக்கும், செவந்த எடத்த தேய்ச்சா அடியில ஏற்கனவே நசுங்கின சதை இன்னும் கிழியும், பவுடர் வேர்வையோட கட்டியாகி உறுத்தும். மூணும் வேணாம். மிதமான தண்ணியில சோப்பு அதிகம் இல்லாம கழுவி, ஒத்தி எடுத்து, மாய்ஸ்சரைசர் இல்லன்னா தேங்கா எண்ணெய லேசா தடவுங்க, எலும்பு துருத்தற எடத்துல அமுக்காதீங்க. நடுவுல ஓட்டை போட்ட ரப்பர் வளையமும் வேணாம், அது சுத்தி இருக்கற ரத்த ஓட்டத்த அடைக்கும்.

வேலை செய்யறது திருப்பிப் போடறதுதான். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவ, வலது, மல்லாக்க, இடதுன்னு, முழுசா 90 டிகிரி சாய்க்காம முதுகுக்கு தலகாணி குடுத்து 30 டிகிரி சாய்ச்சா போதும், முழுசா சாய்ச்சா இடுப்பெலும்பு நேரா மெத்தையில அழுத்தும். குதிகாலுக்கு கீழ வைக்காம கெண்டைக்காலுக்கு கீழ தலகாணி வச்சு குதிகால் அந்தரத்துல நிக்கற மாதிரி பண்ணுங்க. இழுக்காதீங்க, ட்ரா ஷீட் (அடியில குறுக்க விரிச்ச துணி) புடிச்சு ரெண்டு பேரா தூக்குங்க. திருப்பறப்பல்லாம் இடுப்புக்குக் கீழ் முதுகு, இடுப்பு, குதிகால், காதுக்குப் பின்னாடி, தலைக்குப் பின்னாடி பாத்துடுங்க. செவந்த எடத்த விரலால அமுக்கி எடுத்தா வெளுக்கலன்னா அது மொதல் ஸ்டேஜ் புண்ணு. கருத்த தோல்ல செவப்பு தெரியாது, பக்கத்து எடத்த விட சூடா இருக்கா, கெட்டியா இருக்கா, பஞ்சு மாதிரி இருக்கான்னு தொட்டுத்தான் கண்டுபுடிக்கணும். ப்ரேடன் ஸ்கேல்ல (படுக்கைப் புண் வர்ற ஆபத்த அளக்கற ஸ்கோர்) 18ம் அதுக்கு கீழயும் வந்தா அந்த ஆளுக்கு ஆபத்து இருக்குன்னு அட்மிஷன் அன்னிக்கே எழுதிடுங்க.

சாப்பாடு. படுத்த படுக்கையாவே வச்சு "ரெண்டு வாய் குடிச்சிடு கண்ணு"ன்னு கஞ்சிய ஊத்தறது பாசம்தான், ஆனா அது நுரையீரலுக்குள்ள போனா நிமோனியா. தலைய 30லருந்து 45 டிகிரி தூக்கி, முடிஞ்சா நேரா உக்கார வச்சு, முழிச்சிருக்கறப்போ மட்டும், சின்ன ஸ்பூன்ல, ஒண்ணு முழுங்கினப்பறம் அடுத்தது. குடிச்சப்பறம் கொரல் கரகரன்னு ஈரமா மாறுதா, இருமல் வருதா, நிறுத்திடுங்க. மூக்கு ட்யூப்ல குடுக்கறப்பவும் அதே தலை உயரம், ட்யூப் எடம் மாறலன்னு வெளிய இருக்கற மார்க்க பாத்து உறிஞ்சி செக் பண்ணிட்டு குடுங்க, முடிஞ்சு அர மணி நேரமாச்சும் அப்படியே வைங்க.

இன்டேக் அவுட்புட் சார்ட் பாதி வார்டுல கற்பனைக் கதைதான். "எவ்ளோ தண்ணி குடிச்சாரு?" "ரெண்டு டம்ளரு." எந்த டம்ளரு? வீட்டு எவர்சில்வர் டம்ளரா, டீக்கடை பேப்பர் கப்பா? அட்டெண்டர்கிட்ட ஒரு லிட்டர் பாட்டில் ஒண்ண காட்டி, இவருக்கு இதுலருந்து மட்டும் குடுங்க, மீதி எவ்ளோன்னு நான் வந்து பாத்துக்கறேன்னு சொல்லிடுங்க, கணக்கு தானா சரியாயிடும். யூரின் ஒரு மணி நேரத்துக்கு கிலோவுக்கு அர மில்லி வரணும், 60 கிலோ ஆளுக்கு 30 மில்லி. அதுக்கு கீழ வந்தா ட்யூப் மடங்கியிருக்கா, அடைச்சிருக்கா, அவரு அந்த ட்யூப் மேலயே படுத்திருக்காரான்னு மொதல்ல பாத்துட்டு அப்பறம் சொல்லுங்க. பேக் எப்பவும் இடுப்புக்கு கீழ தொங்கணும், ஆனா தரைய தொடக்கூடாது. ஸ்ட்ரெச்சர்ல மாத்தறப்போ பேக்க தூக்கி வயித்து மேல வைக்கற பழக்கத்த விடுங்க. மோஷன் போனாரான்னு தெனமும் கேளுங்க, வெக்கப்பட்டு அவங்களா சொல்ல மாட்டாங்க.

கை கழுவறத பத்தி எல்லாருக்கும் தெரியும், யாரும் செய்ய மாட்டாங்க. தொடறதுக்கு முன்னாடி, சுத்தமா செய்ய வேண்டிய வேலைக்கு முன்னாடி, ரத்தம் சளி பட்டப்பறம், தொட்டப்பறம், பெட்டையோ லாக்கரையோ தொட்டப்பறம், இந்த அஞ்சு நேரம். ஹேண்ட் ரப் 20லருந்து 30 செகண்ட், சோப்பு தண்ணின்னா 40லருந்து 60. க்ளவுஸ் போட்டுட்டு அதே க்ளவுஸோட நாலு பேஷண்ட்ட தொடறது கை கழுவாததவிட மோசம்.

மருந்து பத்தி தனியாவே எழுதணும், இப்போதைக்கு ஒண்ணே ஒண்ணு: பொட்டாசியம் குளோரைட் ஆம்பியூல எந்தக் காரணத்துக்கும் நேரா வெயின்ல தள்ளக்கூடாது, இதயம் நின்னுடும். எப்பவும் கலந்து, மெதுவா, ஆர்டர்ல இருக்கற வேகத்துல.

டாக்டருக்கு போன் பண்றது

"சார், பேஷண்ட் சரியில்ல சார், வந்து பாருங்க"ன்னா ராத்திரி ரெண்டு மணிக்கு யாரும் எழுந்து வர மாட்டாங்க. கேஸ் ஷீட், கடைசி வைட்டல்ஸ் கையில வச்சுக்கிட்டு இப்படி சொல்லுங்க: "மேடம், ஃபீமேல் மெடிக்கல் வார்டுலருந்து ஸ்டாஃப் பேசறேன். 12ஆம் பெட், 58 வயசு, யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு நேத்து அட்மிட் ஆனவங்க, சுகர் இருக்கு. சாயந்திரம் மூச்சு 18 இருந்தது, இப்போ 28. பல்ஸ் 124, பிபி 96க்கு 60, சாச்சுரேஷன் 93, சுகர் 240. ரெண்டு மணி நேரமா யூரின் மொத்தம் 20 மில்லி, புதுசா ஒளற ஆரம்பிச்சிருக்காங்க. செப்சிஸா இருக்குமோன்னு தோணுது, நீங்க இப்பவே வந்து பாக்கணும் மேடம். வர்றதுக்குள்ள ஆக்சிஜன் ஆரம்பிக்கட்டுமா, கல்ச்சர் எடுத்து வைக்கட்டுமா?" (செப்சிஸ்னா இன்ஃபெக்‌ஷனால உறுப்புங்க கெட ஆரம்பிக்கறது, கல்ச்சர்னா என்ன கிருமின்னு பாக்க எடுக்கற ரத்த, யூரின் சாம்பிள்.) யாரு, ஏன் வந்தாங்க, இப்போ என்ன, உங்களுக்கு என்ன வேணும், நாலும் ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். போன்லயே ஆர்டர் சொன்னாங்கன்னா எழுதி, திருப்பி படிச்சு காட்டி, சரின்னு வாங்கிக்கோங்க.

கூப்பிட்ட நேரம், பேசினவங்க பேரு, அவங்க சொன்னது, வந்து பாத்த நேரம் எல்லாம் நர்சஸ் நோட்ஸ்ல அப்பவே எழுதுங்க, டூட்டி முடியறப்போ உக்காந்து நெனவுலருந்து எழுதறது வேணாம். தப்பா எழுதிட்டா ஒயிட்னர் போடாம ஒரே ஒரு கோடு இழுத்து, தேதியும் நேரமும் போட்டு, சைன் பண்ணிட்டு பக்கத்துலயே சரியானத எழுதிடுங்க. ஹேண்ட் ஓவர் குடுக்கறப்போ நர்சிங் ஸ்டேஷன்ல உக்காந்து சொல்லாம ரெண்டு பேரும் பெட்டு பெட்டா நடந்து போங்க, ட்ரிப் போட்ட எடம் வீங்கியிருக்கா, யூரின் பேக் எவ்ளோ, முதுகு எப்படி இருக்குன்னு அடுத்த டூட்டிக்காரங்க அவங்க கண்ணாலயே பாத்து வாங்கிக்கட்டும், மூச்சையும் அவங்களே ஒருதடவ எண்ணிக்கட்டும்.